தியோங் பாரு மார்க்கெட்டில் நிற்கிறேன், எந்த நூடுல்ஸ் வாங்குவது? அவசரம்

புதுசு: சிங்கப்பூர் வந்து 9 நாள். ஆபீஸ் ஆட்கள் மீ (இங்கே நூடுல்ஸுக்கு அதுதான் பெயர்) சாப்பிடலாம் என்று தியோங் பாரு மார்க்கெட் மாடிக்குக் கூட்டி வந்தார்கள். டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு மேசை பிடித்துவிட்டு அவரவர் வரிசைக்குப் போய்விட்டார்கள். எனக்கு முன்னால் நாலு பேர். கடைக்காரம்மா "ட்ரை? சூப்?" என்று மட்டும் கேட்கிறார். என்ன சொல்ல?

பூன் லே வாசி: ட்ரை. மிளகாயும் சாஸும் புரட்டித் தருவார்கள், சூப் தனிக் கிண்ணத்தில் வரும். பட்டையாக வேண்டுமானால் மீ போக், மெல்லிசுக்கு மீ கியா.

தேக்கா அண்ணன்: நூடுல்ஸ் எதுக்கு தம்பி? 2009இல் நான் வந்தபோது ஒரு அறையில் ஆறு பேர், ஒரே குக்கர். மூன்று மாதம் தயிர்சாதம்தான். ரயில் ஏறி ஊட்ரம் பார்க்கில் மாறுங்கள், லிட்டில் இந்தியா வந்துவிடும். இலைச் சாப்பாடு.

பழைய ஆள்: ட்ரை எல்லாம் வேண்டாம், சூப்தான் ருசி. ஆனால் 1951இல் கட்டின பழைய மார்க்கெட்டை 2004இல் இடித்ததோடு அந்த ருசியும் போச்சு. கிம் போங் சாலைத் தற்காலிகக் கொட்டகை வரை தேடிப்போய்ச் சாப்பிட்டவன் நான். 2006இல் புதுக் கட்டடம் வந்தது, கிண்ணம் சின்னதாகிவிட்டது.

கிளமெண்டி அக்கா: அந்தக் கொட்டகையில் நம் வியர்வையும் சூப்பில் விழும். இப்போது கீழே காய்கறி, மீன் விற்கும் ஈரச்சந்தை, மேலே சாப்பாடு, காற்றோட்டமாக இருக்கிறது.

பூன் லே வாசி: உங்களுக்கு வெளியே சாப்பிட வசதி. என் வீட்டுக்காரம்மா "லைட் குக்கிங்" என்று சொல்லி வாடகைக்கு விட்டார். கடுகு வெடித்தாலே கதவைத் தட்டுகிறார்.

தேக்கா அண்ணன்: கடுகாவது வெடிக்கிறதே. எனக்கு வெந்நீர் மட்டும்தான் அனுமதி.

புதுசு: அண்ணே, முன்னால் ஒருத்தர்தான். நான் சைவம், முட்டை சாப்பிடுவேன்.

கிளமெண்டி அக்கா: அடப்பாவி, அதை முதலில் சொல்லக்கூடாதா! வரிசையை விட்டு வா. "நோ மீட்" என்றால் மேலே கிடக்கும் கறியை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். ட்ரையில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும், சூப்பு எலும்பிலோ நெத்திலியிலோ கொதித்தது. 'வெஜிடேரியன்' பலகை போட்ட கடைக்குப் போய் பீஹூன் கேள், அரிசி சேமியாதான். கறி மாதிரி இருப்பது சோயாவும் கோதுமைப் புரதமும்தான், பயப்படாதே. திங்கட்கிழமை பல கடை மூடியிருக்கும். அன்றைக்கு காப்பிக் கடையில் காயா டோஸ்ட் (தேங்காய்ப்பால், முட்டை ஜாம் தடவிய ரொட்டி), அரைவேக்காட்டு முட்டை.

புதுசு: பீஹூன் கிடைத்தது அக்கா. மேலே ஒரு துண்டு, தோல் சுருக்கம் உட்பட அச்சு அசல் வாத்து! ஒதுக்கி வைத்திருக்கிறேன். சாப்பிட்டதும் தட்டை என்ன செய்வது?

கிளமெண்டி அக்கா: அதைத்தான் முதலில் தின்ன வேண்டும். தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகாதே, 2021 செப்டம்பரிலிருந்து முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். வைக்கும் அடுக்கில் ஹலாலுக்குத் தனி இடம், மற்றதற்குத் தனி. பலகையைப் பார்த்து வை.