33 வருஷப் பழைய செங்கல் வீடு: கட்டடத்துக்கு 16 லட்சம் தரலாமா?

வீடுதேடி:
கோவையில் அவிநாசி சாலையிலிருந்து சற்று உள்ளே ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 4 சென்ட், 1,100 சதுர அடி, தரைத்தளம் மட்டும். 1992-ல் கட்டியது. பில்லர் கிடையாது, 9 இன்ச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். 72 லட்சம் கேட்கிறார்கள். அந்தத் தெருவில் காலி மனை சென்ட் 14 லட்சம் போகிறது. ஆக, கட்டடத்துக்கு 16 லட்சம் வருகிறது. புதுசாகப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு ஜன்னல் மூலையில் மட்டும் மெல்லிய விரிசல், படி படியாகக் கீழே இறங்குகிறது. இந்த விலை நியாயமா?

மனைக்கணக்கு:
மனைக்கு மட்டும் விலை பேசுங்கள். பில்லர் இல்லாத வீட்டில் சுவர்தான் பாரம் தாங்குகிறது, அதனால் மாடி எழுப்ப யோசிக்க வேண்டும், நடுச்சுவரை எடுத்து ஹாலைப் பெரிசாக்க முடியாது, பேங்க்காரரும் வீட்டின் வயதைப் பார்த்துக் கடனைக் குறைப்பார். பத்து வருஷத்தில் இடிக்கப்போகிற வீட்டுக்கு 16 லட்சமா? இடிக்கிற கூலியே உங்கள் தலையில்தான்.

சூளைக்காரன்:
பில்லர் இல்லை என்றாலே குப்பை என்று யார் சொன்னது? பில்லர் கலாச்சாரம் வருவதற்கு முன்னால் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் தேக்கு உத்தரம், சுண்ணாம்புக் கலவையோடு இன்னும் நிற்கின்றன. நன்றாக வெந்த செங்கல் எளிதில் கெடாது. கெடுவது தளத்துக்குள் இருக்கும் கம்பி. அதனால் சுவரை விட்டுவிட்டு முதலில் அண்ணாந்து பாருங்கள். குளியலறை, சமையலறை மேல்தளம், சன்ஷேடின் அடிப்பக்கம், தண்ணீர்த் தொட்டி நிற்கிற இடம். ஒரு கட்டையால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், காரை விட்ட இடம் பொத்தென்று கேட்கும். பழுப்புக் கறை தெரிந்தால் கம்பி துருவேறிவிட்டது.

மனைக்கணக்கு:
விரிசலை வசதியாகத் தாண்டிவிட்டீர்களே சார்.

சூளைக்காரன்:
தாண்டவில்லை. சுவரும் தளமும் சேருமிடத்தில் படுக்கையாக ஓடுகிற கோடு என்றால் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது, அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செங்கல் இணைப்பு வழியாகப் படிபோல இறங்குவது வேறு சங்கதி, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். விரிசலின் மேல்பக்கம் அகலமாக இருந்தால் வீட்டின் மூலை இறங்குகிறது, கீழ்ப்பக்கம் அகலம் என்றால் நடுப்பகுதி இறங்குகிறது. என்றைக்கோ இறங்கி நின்றுபோனதா, இன்னும் இறங்குகிறதா என்பதுதான் கேள்வி.

மனைக்கணக்கு:
பதில் அவர் எழுதியதிலேயே இருக்கிறது. பெயின்ட் புதுசு, அதன் மேலேயே விரிசல். பட்டி பார்த்து மூடியதற்குப் பிறகும் திறந்திருக்கிறது என்றால் சுவர் இன்னும் நகர்கிறது. கோவையில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஆழமில்லாத அஸ்திவாரத்தோடு கட்டியிருந்தால் ஒவ்வொரு வருஷமும் இந்தக் கூத்துதான்.

சூளைக்காரன்:
இதை மறுக்க மாட்டேன். ஆனால் காம்பவுண்டு ஓரம் ஒன்றரை அடி தோண்டினால் மண் எது என்று தெரிந்துவிடும். அப்புறம் விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பட்டை பூசித் தேதி எழுதி வையுங்கள். அது கீறினால் நீங்கள் சொன்னது சரி. பேச்சை இழுத்து ஒரு மழையையாவது பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம். வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் நானும் உங்கள் கட்சி.

வேல்யுவர்_கோவை:
இருவரும் ரூபாய்க்கு வரவில்லை. புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,400 என்று வைத்தால் 26.4 லட்சம். ஆயுள் 60 வருஷம், இடித்தால் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று வைத்தால் 33 வருஷத்துக்குத் தேய்மானம் 49.5 சதவீதம். மிச்சம் 13.3 லட்சம். ஆயுளை 50 என்று எடுத்தால் 10.7 லட்சம்தான். ஓதம் (தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம்), விரிசல், தளப் பழுது எல்லாம் அதிலிருந்து கழியும். 16 எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் பூஜ்யமும் வராது, குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம்.

இன்னொன்று. முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 72 லட்சத்துக்கு 6.48 லட்சம். செலவைக் குறைக்க "காலி மனை என்று எழுதிக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பதிவுத்துறையிலிருந்து நேரில் பார்க்க வருவார்கள்.

மனைக்கணக்கு:
தேய்மான வாய்ப்பாடு காகிதத்தில் அழகாக இருக்கும். நகர்கிற சுவருக்கு ஏது 60 வருஷ ஆயுள்?

வேல்யுவர்_கோவை:
நகர்கிறது என்று உறுதியானால் நானே கீழே இறக்கிப் போடுவேன். உறுதியாகும் முன் இறக்கினால் அது மதிப்பீடு இல்லை, பேரம்.

வீடுதேடி:
நேற்று திரும்பப் போய்த் தட்டிப் பார்த்தேன். குளியலறை மேல்தளத்தில் ஒரு மூலை மட்டும் பொத்தென்கிறது, மற்ற இடமெல்லாம் பரவாயில்லை. இன்னொரு விஷயம், ஹாலில் மூன்று அடி உயரத்துக்குச் சுவரில் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அழகுக்கு என்றார் வீட்டம்மா.

சூளைக்காரன்:
அழகுக்கா! ஓதம் ஏறுகிற உயரமும் கிட்டத்தட்ட அதுதான். அந்தச் சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளையாக உப்பு பூத்து, பூச்சு பொருக்காக உதிர்ந்தால் அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பூச்சே போடவில்லை, இல்லை போட்டது கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு டைல்ஸைப் பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள், திரும்ப ஒட்டுகிற செலவு உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். குளியலறை மூலைக்குத் துருவைச் சுரண்டிப் பூசினால் போதும்.

மனைக்கணக்கு:
பெயர்க்க விடாவிட்டால்?

வேல்யுவர்_கோவை:
அந்தச் சுவர் முழுக்கப் பழுது என்று வைத்தே விலை சொல்லுங்கள். நான் 64-ல் ஆரம்பிப்பேன்.

மனைக்கணக்கு:
58. பிளாஸ்டர் பட்டை கீறினால் 56, அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.