புதுப்பிப்பு: மச்சானின் வாத்துத் துப்பாக்கி, 28 அங்குலம் வாங்கியாச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்: மினசோட்டாவில் இருக்கும் மச்சான் வாத்து வேட்டைக்கு 12 போர் (குழல் துளையின் அளவு) பம்ப் துப்பாக்கி (முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) வாங்குகிறார், குழல் 26 அங்குலமா, 28ஆ, 30ஆ என்று. 28 வாங்கிவிட்டார். 30 சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம், நாணலுக்குள் படகில் அது இடிக்குமாம்.

குழல் நீண்டால் குண்டு தூரம் போகும் என்று குடியாத்தத்தில் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அது கரிமருந்துக் காலத்துப் பேச்சு. இன்றைய தோட்டாவில் ஓர் அங்குலம் கூடினால் வேகம் நொடிக்குச் சில அடிதான் கூடும். நீளத்தின் லாபம் முன்பக்க எடை. பறக்கும் வாத்தோடு கை தடங்கலில்லாமல் ஓடும். ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், எவ்வளவு பரவும் என்பது பெரும்பாலும் குழல் நுனியில் உள்ள சோக் என்னும் குறுகலின் வேலை. அங்கே நீர்ப்பறவை வேட்டையில் 1991 முதல் நாடு முழுக்க ஈயத்துக்குத் தடை. எஃகு ரவை அவ்வளவாகச் சிதறாது, அதனால் அதிகம் குறுகிய ஃபுல் சோக்கை விட்டு, அதைவிடக் கொஞ்சம் அகலமான மாடிஃபைடு போட்டார். 40 கெஜத்தில் தாள் கட்டிச் சுட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்கு நிம்மதி.

'வேலூர்ப் பக்கத்து ஏரிக்கு எது சரி?' என்று கேட்டவருக்கு: பைனாகுலர். இங்கே வேட்டைக்கே தடை, வனவிலங்குச் சட்டம் 1972ல் வந்தது சார். தாத்தாவின் ரெட்டைக்குழல் தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனுக்குப் போய்வருவதோடு சரி.