இறக்கைக்கு மேலே எஞ்சின்: என்ன பெயர் சூட்டலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

சிறுவர் அறிவியல் இதழ் ஒன்றுக்காக ஹோண்டாஜெட் என்ற சின்ன ஜெட் விமானத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் இரண்டு எஞ்சின்களும் இறக்கைகளுக்கு மேலே, குட்டையான தாங்கிகளின் மீது நிற்கின்றன. ஹோண்டா நிறுவனம் இந்த அமைப்பை 'ஓவர்-தி-விங் எஞ்சின் மவுண்ட்' என்கிறது. தற்போதைக்கு 'மேலிறக்கைப் பொறி' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் உண்டா? ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும்.

* * *

> மேலிறக்கைப் பொறி

இது வேண்டாம் நண்பரே. மேலிறக்கை என்றால் மேலே இருக்கும் இறக்கை. ரைட் சகோதரர்கள் 1903-ல் பறக்கவிட்ட விமானத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் இருந்தன. அங்கே மேலிறக்கையும் உண்டு, கீழிறக்கையும் உண்டு. ஹோண்டாஜெட்டில் ஒரே அடுக்குதான், அதுவும் உடலின் அடியை ஒட்டிய தாழ்ந்த இறக்கை. உங்கள் கட்டுரையைப் படிக்கும் பிள்ளை படத்தில் இல்லாத இன்னோர் இறக்கையைத் தேடிக்கொண்டிருக்கும். 'மேல்' பின்னால் வரட்டும்: இறக்கைமேல் எஞ்சின்.

'பொறி'யையும் விட்டுவிடலாம். எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி என்று அதற்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. எஞ்சின் என்றால் பஸ் ஓட்டுநருக்கும் புரியும், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

எஞ்சின் ஏன் அங்கே போனது என்பதையும் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். பெரிய விமானங்களில் எஞ்சின் இறக்கைக்குக் கீழே தொங்குகிறது. சின்ன ஜெட்டின் இறக்கை தரைக்கு மிக அருகில் இருப்பதால் அடியில் இடமில்லை. அதனால்தான் 1963-ல் பறந்த லியர்ஜெட் 23 முதல் பெரும்பாலான சிறிய ஜெட்கள் எஞ்சினை உடலின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. அதற்குக் கொடுக்கும் விலை உள்ளே தெரியும். எஞ்சினைத் தாங்கும் கட்டுமானம் உடலின் பின்பகுதிக்குள் இடத்தை அடைக்கும். இரைச்சலும் அதிர்வும் நேராக இருக்கைக்கு வரும்.

ஹோண்டாவின் பொறியாளர் மிச்சிமாசா ஃபுஜினோ எஞ்சினை உடலிலிருந்து கழற்றி இறக்கையின் முதுகில் வைத்தார். கேட்பதற்கு எளிது. ஆனால் இறக்கையின் மேற்புறம் விமானத்திலேயே மிக நுணுக்கமான இடம். வேகமாகப் பறக்கும்போது அங்கே ஓடும் காற்று ஒலியின் வேகத்தையே தாண்டும். அந்த இடத்தில் ஓர் உருளையைக் கொண்டுபோய் வைத்தால் இரண்டுக்கும் நடுவே காற்று நெருக்கப்பட்டு, அதிர்ச்சி அலை (அந்த வேகமான காற்று சட்டென்று வேகம் குறையும் இடத்தில் எழும் அழுத்த அலை) வலுத்து, இழுவை, அதாவது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத் தடை, எகிறிவிடும். 'இறக்கைக்கு மேலே எதையும் வைக்காதே' என்பது அதனால்தான் எழுதாத விதியாக இருந்தது. ஃபுஜினோ குழுவினர் கணக்கிட்டும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்தும் ஓர் இடத்தைப் பிடித்தார்கள்: எஞ்சின் உறையின் வாய், இறக்கையின் நாண் நீளத்தில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள நீளம்) ஏறத்தாழ முக்கால் பங்கில் வர வேண்டும், இறக்கைக்கும் உறைக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும். அங்கே வைத்தால் உறையைச் சுற்றி ஓடும் காற்று, இறக்கை மேலுள்ள அதிர்ச்சி அலையைப் பலவீனப்படுத்துகிறது. வேகமான பறப்பில் இழுவை குறைகிறது. கொஞ்சம் தள்ளி வைத்தால் கதையே வேறு.

முதல் மாதிரி 2003 டிசம்பரில் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் பறந்தது. அமெரிக்க விமானத் துறையின் முழுச் சான்று கிடைத்தது 2015 டிசம்பரில். பன்னிரண்டு ஆண்டுகள்!

* * *

அன்பர்களே,

எஞ்சினை ஏற்க என்னால் முடியவில்லை. மேல் + பொறி = மேற்பொறி. 'இறக்கைமேற்பொறி' என்று ஒரே சொல்லாக எழுதலாம், புணர்ச்சியும் சரி. இன்னொன்று. ஹோண்டாவை முதல்வன் ஆக்கிவிடாதீர்கள். ஜெர்மனியின் பிரெமனில் உருவான வி.எஃப்.டபிள்யூ 614 என்ற பயணிகள் விமானம் 1971-லேயே எஞ்சின்களை இறக்கையின் மேல் தாங்கியில் வைத்துப் பறந்தது. சக்கரக் கால்கள் குட்டையாக இருக்கலாம், கரடுமுரடான ஓடுபாதையில் கல்லும் மண்ணும் எஞ்சினுக்குள் போகாது என்பது அவர்களின் கணக்கு. மொத்தம் 19 விமானங்களே செய்தார்கள்.

* * *

> புணர்ச்சியும் சரி

புணர்ச்சி சரிதான் ஐயா. ஆனால் ஒரு சொல் தனியாக வாழாது, உறவுகளோடு வர வேண்டும். பின்பக்க எஞ்சினை அதே முறையில் 'வாற்பொறி' என்று எழுதி உரக்கப் படித்துப் பாருங்கள். விமானம் யாருக்கும் நினைவுக்கு வராது. நான் சொல்லும் வரிசை இது: போயிங் 737-க்கு இறக்கைக்கீழ் எஞ்சின், லியர்ஜெட்டுக்குப் பின்னுடல் எஞ்சின், ஹோண்டாஜெட்டுக்கும் உங்கள் 614-க்கும் இறக்கைமேல் எஞ்சின். சிரஸ் விஷன் ஜெட்டில் ஒரே எஞ்சின், அது உடலின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அதன் புகை 'வி' வடிவ வாலின் இரண்டு கைகளுக்கு நடுவே வெளியேறுகிறது. அதை முதுகு எஞ்சின் எனலாம். இது எனக்கே பிடித்துப்போன சொல்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். அன்டோனவ் ஆன்-72 சரக்கு விமானத்திலும் எஞ்சின்கள் இறக்கைக்கு மேலேதான். ஆனால் நோக்கம் வேறு. அங்கே எஞ்சின் இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். சூடான வளிமம் இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடி, பின்விளிம்பு மடிப்புகளோடு (ஃப்ளாப்) சேர்ந்து கீழே வளையும். அதனால் தூக்குவிசை கூடி, குட்டையான ஓடுபாதையிலிருந்தும் கிளம்ப முடிகிறது. ஹோண்டாஜெட்டின் எஞ்சின் இறக்கையைத் தொடுவதே இல்லை, தாங்கிதான் தொடுகிறது. ஆகவே ஆன்-72-க்கு 'மேற்பரப்பு ஊதல்' என்று தனிப் பெயர் கொடுத்துவிடுவோம். எஞ்சின் இருக்கும் இடத்தைவிட அது செய்யும் வேலைதான் அங்கே முக்கியம்.

* * *

அனைவருக்கும் நன்றி. கட்டுரையில் 'இறக்கைமேல் எஞ்சின்' என்றே போடுகிறேன். 614-ஐ முதல் பத்தியிலேயே சேர்த்துவிட்டேன். ஆன்-72-க்கு இடமில்லை, அடுத்த இதழில் பார்க்கலாம். எஞ்சினைச் சுற்றியுள்ள கூட்டுக்கு 'எஞ்சின் உறை' என்று எழுதியிருக்கிறேன். ஐயா 'பொறிக்கூடு' என்பார் என்று தெரியும். அதற்குத் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு.