புதுப்பிப்பு: கிளை நூலகத்துக்குப் புதிய அபுனைவு நூல்களைப் பரிந்துரைப்பது எப்படி?

எங்கள் கிளை நூலகத்தில் நாவல்கள் நிறைய இருக்கின்றன, அறிவியலும் வரலாறும் பழைய பதிப்புகள்தான், புதியவற்றை வாங்க வைப்பது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேட்டதில் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

பலன் தந்தது வாசகர் வட்டம் மூலமாகப் போகச் சொன்ன யோசனை. ஆலோசனைப் பதிவேட்டில் தனியாக எழுதியதற்குப் பதில் வரவில்லை. அப்புறம் வட்டத்தின் சார்பில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை, ஐஎஸ்பிஎன் (நூலை அடையாளம் காட்டும் எண்) எல்லாம் போட்டு நூலகரிடம் கொடுத்தோம். அவர் மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பினார். ஒவ்வொரு நூலையும் இங்கே யார் படிப்பார்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்ன நண்பருக்குத் தனி நன்றி. நீர் மேலாண்மை நூலுக்கு நேரே "இங்கே ஏரிப் பாசன விவசாயிகள் அதிகம்" என்று எழுதினோம். முதலில் வந்ததே அதுதான். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், எனவே கேட்கத் தயங்க வேண்டாம்.

எதிர்பாராத ஒன்று: பட்டியலில் சில நூல்கள் மாவட்ட மைய நூலகத்தில் ஏற்கெனவே இருந்தன. முதலில் அங்கே விசாரித்துவிடுங்கள். சென்னைக்காரர்கள் கன்னிமாரா பொது நூலகத்திலும் தேடலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் பதிப்பாளர் அங்கே அனுப்ப வேண்டும்.