கோத்தகிரியில் முதல் அரபுப் பெண் குதிரை: அரிய வம்சவழி என்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

தேயிலைமேடு (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, இதுவரை மாடுகளுக்கென்று விட்டிருந்த நான்கு ஏக்கர் புல்வெளியில் ஒரு குதிரை வளர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். உதகையில் முறையாகச் சவாரி பழகியிருக்கிறேன். ஆனால் சொந்தமாகக் குதிரை வைத்திருந்ததில்லை.

கோவைக்கு அருகில் ஒரு தனியார் லாயத்தில், இப்போது ஏறக்குறைய முழு வெள்ளையாகிவிட்ட சாம்பல் நிற அரபுப் பெண் குதிரை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வயது 12. பிரிட்டனில் பிறந்து இளவயதில் இந்தியாவுக்கு வந்தது என்றும், தாய்வழி தந்தைவழி இரண்டுமே கலப்பில்லாத கிராபெட் வழி என்றும் உரிமையாளர் சொல்கிறார். ஐந்து தலைமுறை வம்சாவளித் தாளையும் காட்டினார். வில்பிரிட் பிளண்டும் அவர் மனைவி ஆன் பிளண்டும் 1878 முதல் சிரியப் பாலைவனத்திலும், பின்னர் எகிப்தில் அலி பாஷா ஷெரீப்பின் லாயத்திலும் தேடித்தேடி வாங்கிய குதிரைகளைக் கொண்டு, இங்கிலாந்தின் சசெக்ஸில் வளர்த்தெடுத்த வழி அது. அந்தப் பண்ணை 1970-களின் தொடக்கத்தில் கலைந்தது. அதன் இரத்தம் உலகெங்கும் உள்ள அரபுக் குதிரைகளில் பரவிக் கிடந்தாலும், வேறு கலப்பில்லாமல் வந்தவை இன்று மிகக் குறைவு.

அந்த அருமைதான் என்னை ஈர்க்கிறது; தயங்க வைப்பதும் அதுதான். இது ஒரே ஒரு முறை, நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, குட்டி ஈன்றிருக்கிறது. இதே வழியில் வந்த பொலிகுதிரை எதுவும் எனக்கு எட்டும் தொலைவில் இல்லை. வேறு வழி அரபுக் குதிரையோடு சேர்த்தால் இந்த வழி இதோடு அற்றுப்போய்விடுமா? காட்டிய தாளை எந்த அளவுக்கு நம்பலாம்? நம் மலைக்குளிரும் மழையும் இதற்கு ஒத்துக்கொள்ளுமா? முதல் குதிரைக்கு இவ்வளவு எதற்கு, அந்தியூர்ச் சந்தையில் நல்ல மார்வாரி ஒன்றைப் பிடித்து வந்துவிடலாமே என்று மாமனார் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அந்தியூர்க்காரன்

வணக்கம் அம்மா. குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு ஆண்டு தவறாமல் போகிறவன் நான். கொஞ்சம் உயரமும் மினுமினுப்பும் இருந்தால் போதும், எந்தக் குதிரையையும் 'அரபி' என்று சொல்லி விலையை ஏற்றிவிடுவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மார்வாரிக் கலப்பாக இருக்கும். இல்லாவிட்டால் பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட தரோபிரெட்டாக இருக்கும். உங்களுக்குக் கிடைத்திருப்பதற்குத் தாளாவது இருக்கிறது. ஆனால் அந்தத் தாள் அந்தக் குதிரையுடையதுதான் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2009 ஜூலைக்குப் பிறகு பிரிட்டனில் பதிவான குட்டிகளுக்கு மைக்ரோசிப் கட்டாயம். 12 வயது என்பது உண்மையானால், கழுத்தின் இடப்பக்கம் பிடரி மயிருக்குச் சற்றுக் கீழே சிப் இருந்தாக வேண்டும். படிக்கும் கருவியை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய், அதில் வரும் 15 இலக்க எண் குதிரையின் கடவுச்சீட்டில் (அதன் அடையாள ஆவணத்தில்) உள்ளதோடு பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். அடுத்து சுழி. நாம் சந்தையில் சுழி சுத்தம் பார்ப்பது இராசிக்காக. அவர்கள் அதே சுழிகளைக் கடவுச்சீட்டில் படம் வரைந்து குறிப்பது அடையாளத்துக்காக. குதிரைக்கு எவ்வளவு வயதானாலும் நெற்றியிலும் கழுத்திலும் உள்ள சுழிகள் இடம் மாறுவதில்லை.

சாம்பல் குதிரையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது பிறக்கும்போது கருமையாகவோ செம்பழுப்பாகவோ இருந்து ஆண்டுக்காண்டு வெளுப்பதால், கடவுச்சீட்டில் குறித்த நெற்றிப்பொட்டும் கால் வெள்ளையும் இப்போது கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துணியால் நெற்றியை நன்றாக நனைத்து மயிரை ஒதுக்கிப் பாருங்கள். பிறவியிலேயே வெள்ளை இருந்த இடத்தில் மட்டும் தோல் இளஞ்சிவப்பாகத் தெரியும்; சுற்றிலும் கருந்தோலாக இருக்கும். அந்த இளஞ்சிவப்பின் வடிவம் படத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்கிறேன் என்று யாராவது வந்தால், அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அரபுக் குதிரைகளின் பல் மற்றவற்றைவிட மெதுவாகத் தேய்வதால், கிழக்குதிரையும் இளமையாகத் தோன்றிவிடும்.

கலப்பில்லாத வழி என்பதை ஐந்து தலைமுறைத் தாள் நிறுவாது. அதில் இருப்பது 62 பெயர்கள்தாம். ஒவ்வொரு பெயரும் அந்தப் பண்ணையின் தொடக்கக் குதிரைகள் வரை போய்ச் சேர்கிறதா என்பதைப் பிரிட்டனின் அரபுக் குதிரைச் சங்கப் பதிவேடுகளைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். பிளண்ட் தம்பதியரின் மகள் வென்ட்வொர்த் சீமாட்டி 1920-இல் வாங்கிய ஸ்கோவ்ரோனெக் என்ற போலந்துக் குதிரையின் இரத்தத்தையும் சேர்த்துத்தான் பலர் 'முழு கிராபெட்' என்கிறார்கள். விற்பவர் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கால்நடை மருத்துவர் (பொள்ளாச்சி)

அடையாளத்தைப் பற்றி மேலே எழுதியிருப்பதை அப்படியே வழிமொழிகிறேன். நான் குதிரையின் உடலைப் பற்றிச் சொல்கிறேன். அரிய வழி என்று வாங்கும்போது நீங்கள் விலை கொடுப்பது உண்மையில் அதன் கருப்பைக்கு. 12 வயதில், நான்கு ஆண்டுகளாகக் குட்டி இல்லாத ஒரு பெண் குதிரையிடம் முதலில் கேட்க வேண்டியது, இணை சேர்க்கவே இல்லையா, சேர்த்தும் சினை பிடிக்கவில்லையா என்பதுதான். இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரிது. அல்ட்ராசவுண்டில் கருப்பையில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, சளி மாதிரியைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிந்தால் கருப்பைச் சவ்விலிருந்து சிறு திசுவையும் எடுத்துப் பரிசோதித்துவிட்டால், அது ஒரு குட்டியைச் சுமந்து ஈனக்கூடியதா என்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்துவிடும். இந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள். வாலைத் தூக்கி அடிப்பகுதியைத் தடவிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். சாம்பல் குதிரைகளுக்கு வயதாக ஆக அங்கே கறுப்புக் கட்டிகள் வருவது மிகவும் சாதாரணம். சிறியதாக ஒன்றிரண்டு இருந்தால் பெரும்பாலும் பல ஆண்டுகள் தொல்லையின்றிப் போகும். கொத்துக்கொத்தாக இருந்தால் வாங்குவதைப் பற்றி மறுபடியும் யோசிக்க வேண்டும்.

அடுத்தது மரபணுப் பரிசோதனை. அரபுக் குதிரைகளில் அறியப்பட்ட பரம்பரை நோய்கள் சில உண்டு. எஸ்சிஐடி என்ற எதிர்ப்பாற்றல் குறைபாட்டோடு பிறக்கும் குட்டி சில மாதங்களுக்குள் தொற்றுக்குப் பலியாகிவிடும். சிஏ என்பதில் சிறுமூளைச் செல்கள் அழிந்து குட்டியின் நடை தள்ளாடும். எல்எஃப்எஸ் குட்டி எழுந்து நிற்கவே முடியாமல் இறக்கும். மூன்றுமே ஒடுங்கு மரபணுவால் வருபவை. தாய் தந்தை இரண்டும் அதைச் சுமந்தால்தான் குட்டிக்கு நோய் வரும், அப்போதும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். வேரோடு பிடுங்கிய பிடரி மயிர் சிறிது இருந்தால் போதும், அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் ஆய்வகம் போன்ற இடங்களில் பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். அதே மயிரைக் கொண்டு, ஏற்கெனவே பதிவில் உள்ள டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டுப் பெற்றோரையும் உறுதிசெய்யலாம்.

நோய் மரபணுவைச் சுமக்கும் குதிரையை வாங்கவே கூடாது என்று பலரும் சொல்வதோடு நான் மாறுபடுகிறேன். முடிவு 'சுமப்பது' என்று வந்தால் குதிரையை வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்த மரபணு இல்லாத ஆண் குதிரையோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. பாதிக் குட்டிகள் அதைச் சுமக்கவும் செய்யாது. எண்ணிக்கையில் சுருங்கிப்போன ஒரு வழியில், சுமப்பவை எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது நெருங்கிய உறவுகள்தாம். பிறகு இன்னும் மோசமான கேடுகள் தலைதூக்கும்.

வழி அற்றுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலைவனத்து பெதுவின் மக்கள் குஹைலான், சக்லாவி, ஹம்தானி என்று குதிரைக் குலங்களைத் தாய்வழியாகத்தான் எண்ணினார்கள். வேறு வழி அரபுக் குதிரையோடு சேர்த்துப் பிறக்கும் குட்டி முழு கிராபெட் ஆகாது. ஆனால் சுத்த அரபுக் குதிரைதான், தாய்க்குலமும் அறாது. முழு வழியே வேண்டுமென்றால் உறைவிந்தை வரவழைக்க மத்திய அரசின் கால்நடைத் துறையின் அனுமதி வேண்டும். கருமுட்டை வெளியாகிச் சுமார் ஆறு மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டியிருப்பதால், இரவும் பகலும் ஸ்கேன் பார்க்கக்கூடிய மருத்துவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்தப் பருவத்துக்கு மட்டும் குதிரையைச் சமவெளிக்கு இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் கட்டாயம் செய்யுங்கள். அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்துக்கு மாதிரியை அனுப்ப உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

உதகைச் சவாரி

ஒன்றை மட்டும் கேட்கிறேன் அம்மா. நீங்கள் ஏறிச் சவாரி செய்ய வாங்குகிறீர்களா, ஈத்துக்கு வாங்குகிறீர்களா? சவாரிக்கு என்றால் உங்கள் மாமனார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நல்ல மார்வாரியோ, குணமறிந்த கலப்புக் குதிரையோ போதும். வம்சத்துக்காகத் தனி விலை கொடுக்க வேண்டியதில்லை.

தேயிலைமேடு (கோத்தகிரி)

ஈத்துக்குத்தான் ஐயா. அந்த வழியில் ஒரு குட்டியாவது நம் மலையில் பிறந்து வளர வேண்டும் என்பதுதான் என் எண்ணம். சவாரி இரண்டாம் பட்சம். டாக்டர் ஐயா, சினை பற்றி உரிமையாளரிடம் கேட்டேன்; ஒரு முறைதான் இணை சேர்த்ததாகச் சொல்கிறார். மலைச்சூழல் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே.

மன்னவனூர்

கொடைக்கானல் மேல்மலையில் குதிரை வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கோத்தகிரி 1,800 மீட்டருக்குள்தான். அந்த உயரமும் குளிரும் அரபுக் குதிரையை ஒன்றும் செய்யாது. நீங்கள் பயப்பட வேண்டியது அந்த நான்கு ஏக்கர் புல்லுக்கு. நீலகிரியிலும் எங்கள் பக்கமும் மாட்டுக்காக விட்ட நிலம் பெரும்பாலும் கிக்குயு புல்தான். அதில் ஆக்சலேட் மிகுதி. அது குடலிலேயே சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்து உடலில் சேரவிடாமல் தடுத்துவிடும். மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் பசுக்கள் அதே புல்லில் கொழுகொழுவென்று இருக்கும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் அதையே மேய்ந்தால், உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவத் தொடங்கும். முதலில் காரணம் தெரியாத நொண்டல் வரும். பிறகு கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் புடைத்துவிடும். சினைக்குதிரைக்கும் பால் கொடுக்கும் குதிரைக்கும் இது இரட்டைக் கேடு.

இதை இன்னும் கெடுப்பது நம் வழக்கமான கோதுமைத் தவிடு. அதில் சுண்ணாம்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. கொள்ளை அவித்து அளவோடு கொடுங்கள். தவிட்டைத் தினசரித் தீவனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். குதிரை மசால் என்ற தீவனப் பயிரைச் சமவெளியிலிருந்து காய்ந்த கட்டுகளாக வரவழைத்து அன்றாடம் கொடுத்து, மருத்துவர் சொல்லும் அளவில் சுண்ணாம்புத் தூளும் சேர்த்தால், அதே புல்வெளியில் பாதிப் பொழுது மேயவிடலாம். வேலியோரத்தில் பெரணியும் உண்ணிச்செடியும் இருந்தால், குதிரை வருவதற்கு முன்பே வேரோடு களைந்துவிடுங்கள், இரண்டுமே நஞ்சு.

உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனமாகப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் தரை காய்வதே இல்லை என்பதால் குளம்பின் அடிப்பள்ளங்களில் கறுப்பாக அழுகல் பிடித்து நாற்றமெடுக்கும், முதுகில் மயிர் கொத்துக்கொத்தாக அடையோடு உதிரும். லாயத்தின் தரையை மேட்டில் கல் பரப்பி அமைத்து, நாள்தோறும் குளம்பைத் தூக்கிச் சுரண்டிப் பார்க்க ஓர் ஆளைப் பழக்குங்கள். லாடம் அடிப்பவரை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குதிரை வந்த பிறகு தேடினால் கிடைக்க மாட்டார். சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர் என்பதால் இரவில் நான்கு பக்கமும் அடைபட்ட லாயம் வேண்டும். குதிரையைத் தனியாக வைக்காதீர்கள். துணைக்கு ஒரு மட்டக்குதிரையாவது இருக்கட்டும், அதற்கும் கிளாண்டர்ஸ் பரிசோதனை செய்த பிறகு.

தேயிலைமேடு (கோத்தகிரி)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் மேய்ச்சல் நிலம் முழுவதும் கிக்குயுதான். சிப் எண்ணையும் சுழிப் படத்தையும் வரும் ஞாயிறன்று நேரில் ஒப்பிட்டுப் பார்க்க உரிமையாளர் சம்மதித்துவிட்டார். பிடரி மயிர் எடுக்கவும் கருப்பைப் பரிசோதனை செய்யவும் செலவை நான் ஏற்றுக்கொண்டால் தடையில்லை என்கிறார். முடிவுகள் எல்லாம் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குள் லாயத்துக்கு இடம் பார்த்து, பெரணியைக் களையும் வேலையைத் தொடங்கிவிடுகிறோம். பொள்ளாச்சி டாக்டர் ஐயா, கருப்பைப் பரிசோதனைக்கு அந்த லாயத்துக்கே வந்து பார்க்க உங்களுக்கு இயலுமானால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.