ஆங்கிலத்துக்கு வர மறுக்கும் ஒரு ஜெர்மன் சிலேடை: உதவுங்கள்

ஃப்ரைபுர்கில் ஒரு சிறிய மூலிகைக் கடைக்காகக் கசப்புத் தேநீர்ப் பொட்டலத்தின் வாசகங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். எல்லாம் முடிந்தது, முகப்பு வரி மட்டும் மூன்று நாளாக நகரவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

வரி இது: "டாகேகன் இஸ்ட் ஐன் க்ரௌட் கெவாக்ஸன்." இதற்கு ஒரு மூலிகை முளைத்திருக்கிறது என்று பொருள். ஆனால் ஜெர்மானியர் வழக்கமாகச் சொல்வது 'கைன் க்ரௌட்', அதாவது இதற்கு மூலிகையே முளைக்கவில்லை, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரே ஒரு எழுத்தை எடுத்துவிட்டு, கைவிட்ட பேச்சை நம்பிக்கையாகத் திருப்பியிருக்கிறார்கள். அந்த அழகை விட எனக்கு மனமில்லை.

இந்தத் தேநீரில் சேரும் செடியின் பெயரிலும் 'க்ரௌட்' இருக்கிறது: டௌசண்ட்குல்டன்க்ரௌட், ஆயிரம் பொற்காசு மூலிகை. பசியின்மைக்கும் செரிமானக் கோளாறுக்கும் காலங்காலமாகக் குடிப்பது. கிரேக்கக் கதையின் குதிரைமனிதனான சென்டாரிலிருந்து வந்த செடிப்பெயரை 'நூறு பொன்' என்று லத்தீனில் பிரித்துப் படித்து, அப்புறம் ஜெர்மனில் நூறு ஆயிரமாகிவிட்டது. ஆங்கிலப் பெயரான 'சென்டாரி'யில் பொன்னும் இல்லை, மூலிகையும் இல்லை.

நேரடியாக மொழிபெயர்த்தேன், உயிரில்லை. 'நேச்சர் ஹேஸ் எ க்யூர்' என்று போட்டால் சிலேடை போகிறது; போதாததற்கு, உணவுப் பொட்டலத்தில் நோயைக் குணமாக்கும் என்று எழுத ஐரோப்பியச் சட்டம் விடாது. 'க்ரௌட்' என்றே விடலாம் என்றால், ஆங்கிலத்தில் அது ஜெர்மானியரை இழிவாகச் சொல்லும் சொல். 'தைம்' என்ற மூலிகைப் பெயருக்கும் 'டைம்' என்ற சொல்லுக்கும் உள்ள ஒலி ஒற்றுமையையும் பார்த்தேன், இந்தத் தேநீரில் தைம் கிடையாது.

'வழியே இல்லை' என்ற பொருளில் ஆங்கிலேயர் சொல்லும் வழக்குத்தொடர் ஏதாவது ஒன்றை, ஒரு சொல் மட்டும் மாற்றி, செடியும் உள்ளே வரும்படி திருப்ப முடியுமா?