சில்லா, துண்டா, நறுக்கா? சிப்லெட்டுக்கு ஒரு தமிழ்ப்பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே மூடிக்குள் மற்றத் துண்டுகளோடு சேர்ந்து ஒரு சிப்பாக வேலை செய்யும் சிலிக்கன் துண்டுதான் சிப்லெட். அதற்கு என்ன தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் சென்னை நண்பர் ஒருவர் 'குறுஞ்சில்லு' என்ற சொல்லை முன்வைத்தார்; அங்கே சில்லு என்றால் சிப். அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவரில் பிழையில்லை. இலங்கையில் எங்கள் பக்கம் சில்லு என்றால் சக்கரம். சைக்கிளுக்கு இரண்டு சில்லு, ஓட்டோவுக்கு மூன்று. கொழும்பு வெள்ளவத்தையில் நின்று குறுஞ்சில்லு என்று கேட்டால், சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் பின்னால் பூட்டுகிற அந்தக் குட்டிச் சக்கரத்தைத்தான் எடுத்துத் தருவார்கள்.

ஏற்கெனவே நாம் போதிய அளவு பிரிந்து கிடக்கிறோம். நான் பாடசாலையில் படித்தது ஆர்முடுகல், தமிழ்நாட்டில் முடுக்கம். எங்களுக்கு அமுக்கம், அங்கே அழுத்தம். கணினியின் மூளையான மைக்ரோபுரொசசருக்கும் அதே கதைதான். இங்கே நுண்முறைவழியாக்கி; அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சாமான் சில நூறு கோடிக் கணக்கைப் போட்டுவிடும். அங்கே நுண்செயலி, நல்ல சொல்தான், ஆனால் 'செயலி' இப்போது போனில் இறக்கிக்கொள்ளும் ஆப்புக்கும் பெயராகிவிட்டது. 'செயலி வேலை செய்யவில்லை' என்றால் எதைத் திருத்துவது? சரி, அவை போகட்டும். சிப்லெட்டுக்கு இன்னும் ஒரு பெயரும் ஊன்றவில்லை. இதிலாவது இரண்டு கரையும் ஒரு சொல்லை வைத்துக்கொள்ளலாமே என்பதுதான் என் ஆசை.

பெயருக்கு முன்னால் பொருளைப் பார்ப்போம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் கணினி திருத்துகிறார். யாரோ கீழே போட்டு, பின்கள் முறிந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3900எக்ஸ் நுண்செயலி ஒன்று அவரிடம் கிடந்தது. இனி உதவாது என்று சூடு காட்டி மூடியைக் கழற்றி வைத்திருந்தார். பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்துக் காட்டி, "அண்ணே, உள்ளுக்கு மூண்டு துண்டு இருக்கு பாருங்க" என்றார். பச்சைப் பலகையில் கண்ணாடிபோல் மினுங்கும் இரண்டு சின்னச் செவ்வகங்கள், பக்கத்தில் பெரிய ஒன்று. சின்னவை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 74 சதுர மில்லிமீற்றர், 7 நானோமீற்றர் என்ற நுணுக்கமான தயாரிப்பு முறையில் செய்தவை. கணக்குப் போடும் கோர்கள் அவற்றில்தான். பெரியது அதைவிடப் பழைய 12 நானோமீற்றர் முறையில் செய்தது; நினைவகத்தோடும் வெளிக்கருவிகளோடும் பேசுவது அதன் வேலை. வெவ்வேறு ஆலைகளில் பிறந்த மூன்று துண்டுகள் ஒரே மூடிக்குள் குடியிருக்கின்றன.

ஏன் இப்படித் துண்டாக்க வேண்டும்? புறக்கோட்டையில் துணி எடுத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். சேலையில் ஓரிடத்தில் கறை என்றால் முழுச் சேலையும் கழிவு. அதே துணியைக் கைக்குட்டைகளாக வெட்டியிருந்தால் ஒன்றுதான் கழிவு. சிலிக்கனிலும் பழுது எங்கே விழும் என்று சொல்ல முடியாது. துண்டின் பரப்பு கூடக்கூட, பழுதில்லாமல் தேறுவது குறையும். அதோடு, சிலிக்கன் வட்டில் மின்சுற்றைப் பதிக்கும் ஒளிப்பொறி ஒரே தடவையில் பதிக்கக்கூடியது ஏறத்தாழ 26க்கு 33 மில்லிமீற்றர்தான்; அதற்குமேல் ஒற்றைத் துண்டாகச் செய்வது கடினம். இன்னொன்று, வெளியோடு பேசும் சுற்றுகளைப் புதிய முறைக்கு மாற்றினாலும் அவை பெரிதாகச் சுருங்குவதில்லை. அவற்றுக்கு விலை உயர்ந்த ஆலை எதற்கு?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1971இல் வந்த இன்டெல் 4004 என்ற நுண்செயலி, வெறும் 2,300 திரான்சிற்றர்களோடு ஒரு ஜப்பானியக் கல்குலேட்டருக்காகச் செய்யப்பட்டது. அதுகூடத் தனியே வரவில்லை. நினைவகம் முதலான வேலைகளுக்கு 4001, 4002, 4003 என்று மூன்று கூட்டாளிகள். பிறகு பல ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒரே துண்டுக்குள் இழுத்துப் போட்டார்கள். அப்படி மலிந்துதான் சலவை இயந்திரம் வரைக்கும் நுண்செயலி பரவியது. இப்போது மறுபடியும் பிரிக்கிறார்கள், ஆனால் ஒரே பொதிக்குள். சிறு பகுதிகளைத் தனித்தனியே செய்து இணைப்பது மலிவாக அமையலாம் என்று, இன்டெலை நிறுவியவர்களில் ஒருவரான கோர்டன் மூர் தன் 1965ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். சிப்பில் அடங்கும் திரான்சிற்றர்கள் சீராக இரட்டித்துக்கொண்டே போகும் என்ற மூர் விதி 'செத்துவிட்டது' என்று துக்கம் விசாரிப்பவர்கள் அந்தப் பக்கத்தையும் படிக்கலாம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'குறு', 'சிறு', 'குட்டி' எல்லாம் சிப்லெட்டின் 'லெட்' என்ற ஆங்கில வாலைப் பார்த்துப் போட்டவை. சின்னதாக இருப்பது இதன் குணமே அல்ல. போனுக்குள் இருக்கும் எத்தனையோ தனிச் சிப்புகள் இதைவிடச் சின்னவை. தனியே நின்றால் உதவாது, இன்னொன்றோடு சேரவென்றே பிறந்தது என்பதுதான் இதன் குணம். 2022இல் இன்டெல், ஏஎம்டி, ஆர்ம், சாம்சங் போன்ற போட்டியாளர்கள் கூடி யூசிஐஇ என்று ஒரு பொது இணைப்பு முறையை அறிவித்ததும் இதற்காகத்தான், ஒருவர் செய்த துண்டு மற்றவர் துண்டோடு பொருந்த வேண்டும் என்று. ஆகவே பெயரில் 'சேர்' இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மற்றப் பாதிக்குத் தம்பி சொன்ன 'துண்டு' வாயில் நன்றாக வருகிறது. ஆனால் பட்ஜெட் காலத்தில் இங்கே துண்டு என்றாலே துண்டுவிழும் தொகை (பற்றாக்குறை) தான் நினைவுக்கு வரும். நான் 'நறுக்கு' என்பேன். ஓலை நறுக்கு என்று பெயர்ச்சொல்லாக ஏற்கெனவே புழங்கிய சொல் அது. சிலிக்கன் கட்டியைப் பாக்குப்போல் மெல்லிசாகச் சீவினால் சீவல். சுற்றுப் பதித்த சீவலைக் கட்டம் கட்டமாக வெட்டினால் நறுக்கு. ஆலையில் நடப்பதும் அதேதான். ஆங்கிலத்தில் வேஃபர் என்னும் வட்டுக்கும் டை என்னும் வெட்டிய துண்டுக்கும் சேர்த்தே பெயர் கிடைத்துவிட்டது. வெற்றிலைத் தட்டுக்கு நன்றி.

ஆக, சேர்நறுக்கு. வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி: சேர்ந்த, சேர்கின்ற, சேரும் நறுக்கு. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'இந்த நுண்செயலியில் இரண்டு கணிப்புச் சேர்நறுக்குகளும் ஓர் இணைப்புச் சேர்நறுக்கும் உள்ளன.' இடறவில்லை. பழைய முறையில் எல்லாம் ஒன்றாகச் செய்ததை 'ஒற்றை நறுக்கு' என்றுவிடலாம்.

போன சனிக்கிழமை தம்பியிடமும் சொல்லிப் பார்த்தேன். ஹீட் கன்னைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "தானா சேருற நறுக்கா அண்ணே, நாங்க சேர்க்கிற நறுக்கா?" என்று கேட்டார். வினைத்தொகையில் சேர்ந்த என்றும் விரிக்கலாம், சேர்த்த என்றும் விரிக்கலாம் என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டும் ஒருங்கே வருமா என்று இலக்கணம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.